தமிழிலிருந்து தமிழுக்கு

நான் வேலை செய்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தோடு தொடர்புடைய அலுவலகம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அனுமதிப் பத்திரம் எழுதுவது என் வேலை. எங்கள் ஊரில் அது சின்ன வேலையல்ல. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள், அதற்குப் பக்கத்தில் விமானத் தளம், இந்தப் பக்கம் கடற்படை. கடற்கரையில் சும்மா நிற்பதற்கு அனுமதி தேவையில்லை. ஆனால் நின்றுகொண்டு எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தேவைப்படலாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில், இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிய காலத்தில், தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு புவியியல் பேராசிரியர் கடிதம் எழுதினார். மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவுக்குக் கூட்டிவர வேண்டும், துறைமுகத்தை வள்ளத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விண்ணப்பம். நாங்கள் ஒரு படிவம் அனுப்பினோம். அவர் நிரப்பி அனுப்பினார். அந்தப் படிவம் பழையது என்று புதியதை அனுப்பினோம். இப்படி நான்கு வருடம் போயிற்று. கடைசிக் கடிதத்தில் மனிதர் படிவத்தை விட்டுவிட்டு மனத்தைத் திறந்திருந்தார். "திருகோணமலைத் துறைமுகத்தின் நடுவில் நின்று எந்தத் திசையில் திரும்பினாலும் திறந்த கடல் தெரியாது" என்று முப்பது வருடமாகப் பாடம் நடத்துகிறாராம். ஒருநாளும் வந்து பார்த்ததில்லையாம். வருகிற ஆண்டு ஓய்வு பெறுகிறாராம். நடுவில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டால் போதுமாம்.

ஆசைக்கு எங்கள் படிவத்தில் இடமில்லை. 'நோக்கம்' என்ற கட்டத்தில் 'கல்வி' என்று நானே எழுதி அனுமதியை அனுப்பிவைத்தேன்.

வந்தார்கள். பேராசிரியரும் பதினைந்து மாணவ மாணவியரும். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை, மூக்குக்கண்ணாடி. கதைக்கும்போது, இல்லாத கரும்பலகையில் கை இரண்டும் படம் கீறிக்கொண்டிருக்கும். தங்குவதற்கு ஒரு பள்ளிக்கூட மண்டபம் ஒழுங்கு செய்திருந்தோம். முதல் நாளே தேநீருக்குச் சர்க்கரை கேட்டார்கள். எங்கள் ஊரில் சர்க்கரை என்றால் பனங்கட்டி மாதிரிக் கறுத்த கட்டி, அதைக் கொண்டுபோய் வைத்தார்கள். பயணக் களைப்போடு இருந்த பேராசிரியரிடம் மண்டபக்காரர், "அவசரமில்லை ஐயா, ஆறுதலா வாங்கோ" என்று சொன்னார். மெதுவாக வாருங்கள் என்பதுதான் பொருள். பேராசிரியர் முகம் வாடி, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

இதைக் கேட்டு நான் வயிறு நோகச் சிரித்தேன். சிரித்தவனுக்கு மூளை வேலை செய்திருந்தால் அடுத்த நாள் நடந்தது நடந்திருக்காது.

அடுத்த நாள் காலை அவர்கள் சீனன்குடாவுக்குப் போனார்கள். தாங்கிகளை வெளி வீதியிலிருந்து பார்க்க அனுமதி இருந்தது. அந்த வீதியின் வாசலில் நின்ற காவலாளி கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நானா. எதையும் எண்ணிப் பார்த்துத்தான் விடுவார். பத்திரத்தில் பதினைந்து என்று இருந்தது. எண்ணினால் பதினாறு வந்தது. பேராசிரியரை யாரும் எண்ணவில்லை, அதாவது நான் எண்ணவில்லை. காவலாளி மறித்தார். பேராசிரியர் கையை வீசி வீசி அரை மணித்தியாலம் நின்று ஏதோ சொன்னார். கடைசியில் காவலாளி கதவைத் திறந்துவிட்டார். வேலைகளை மேற்பார்க்கிற எங்கள் ஓவசியர் தூரத்தில் சைக்கிளில் போனவர், வீசிய கைகளை மட்டும் கண்டார். நேரே அலுவலகத்துக்கு வந்து, "வெளிநாட்டார் ஒருவர் கடமையில் இருந்த ஊழியரை ஏசினார்" என்று முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டார்.

முறைப்பாடு வந்தால் விசாரணை. விசாரணை முடியும்வரை எல்லா அனுமதிகளும் நிறுத்தம். வள்ளப் பயணம் அடுத்த நாள் காலையில். அதற்கு மறுநாள் விடிய ரயில். அந்த ரயிலை விட்டால் கப்பல் போய்விடும், விசாவும் முடிந்துவிடும். பேராசிரியரின் முப்பது வருடமும் ஓவசியர் எழுதிய ஒரு கடதாசியின் கீழே நசுங்கிக் கிடந்தது.

பின்னேரம் விசாரணை. எங்கள் அலுவலகத் தலைவர், நாங்கள் பெரியவர் என்போம், நடுக் கதிரையில் இருந்தார். நான் பக்கத்தில் இருந்து எழுதினேன். முதலில் காவலாளி.

"இவர் உம்மைப் பேசினவரோ?" பெரியவர் கேட்டார்.

"அல்லாஹ்வுக்காகச் சொல்றன் சேர், பேசல்ல. கதைச்சவர் மட்டுந்தான். கடல்ட ஆழத்தப் பத்தி, மலையப் பத்தி. எனக்கே பாடம் எடுத்திட்டார். நல்ல மனிசன் சேர்."

அடுத்தது பேராசிரியர். பெரியவர் மரியாதையாகத் தொடங்கினார். "ஐயா, நீங்கள் கதைச்சதாகத்தான் இவர் சொல்றார். சரியோ?"

பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கதையா? கதை விடுற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாதுங்க. பேசினேன்."

நான் பேனையை நிறுத்தினேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பேசினீங்களோ?"

"பேசினேன். வெளிப்படையா, நேருக்கு நேர் நின்னு பேசினேன்."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி நேரம் இருக்கும். வகுப்புன்னா ஒரு மணி நேரம் பேசுவேன். வெயில்னு நிறுத்திக்கிட்டேன்."

"மாணவரையும் இப்பிடித்தான் பேசுறனீங்களோ?"

"தினமும். அதுக்குத்தானே சம்பளம் கொடுக்கறாங்க."

"அதுகளின்ர தாய் தகப்பன் ஒண்டும் சொல்லமாட்டினமோ?"

"வந்தாங்கன்னா அவங்ககிட்டயும் பேசுவேன்."

மூலையில் நின்ற காவலாளி கைகளைப் பிசைந்தார். "ஐயா, சும்மா இருங்க ஐயா. இல்லாததெல்லாம் சொல்லாதீங்க" என்று மெல்லச் சொன்னார். பேராசிரியர் அவரைப் பார்த்து அன்போடு தலையசைத்தார்.

பெரியவருக்கு மனிதரைக் காப்பாற்றத்தான் விருப்பம். "சரி, பேசினதுக்கு ஒரு மன்னிப்புக் கேட்டீங்களெண்டால் விசயத்தை இதோட முடிக்கலாம்" என்றார்.

"பேசினதுக்கு எதுக்குங்க மன்னிப்பு?" பேராசிரியர் உண்மையாகவே கேட்டார். "உங்க ஊர்ல வந்து வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?"

எல்லாவற்றையும் சொல்லுக்குச் சொல் எழுதினேன். அவர் வாசித்துப் பார்த்து, ஒரு துணைக்கால் விட்டிருந்த இடத்தில் காலும் போட்டுத் தந்து, அழகான கையெழுத்தும் வைத்தார். வள்ள அனுமதியை ரத்துச் செய்யும் கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டுப் பெரியவர் தேநீர் குடிக்கப் போனார்.

விறாந்தையில் நீண்ட பின்னல் போட்ட ஒரு மாணவி என்னை மறித்தாள். அழுகையும் கோபமும் பாதிப் பாதி.

"சார், எங்க சார் அந்த வாட்ச்மேனோட பேசினதுக்கா இவ்வளவு பெரிய விசாரணை? இங்க யாருமே பேசக்கூடாதா?"

"உத்தியோகத்தரைப் பேசக்கூடாது பிள்ளை. கடமையில இருக்கிறவரைப் பேசினால் குற்றம்."

"அப்ப கேட் திறக்கச் சொல்லி எப்படிக் கேக்கறது? கையால ஜாடை காட்டணுமா? நீங்க இப்ப என்கிட்ட பேசிக்கிட்டுத்தானே இருக்கீங்க!"

"நான் எங்க பிள்ளை உம்மைப் பேசினனான்? நான் கதைக்கிறன்."

சொல்லி முடித்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

நாங்கள் கதைக்கிறோம். அவர்கள் பேசுகிறார்கள். நாங்கள் பேசினால் அது ஏச்சு. அவர்கள் கதைத்தால் அது புளுகு. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? கொட்டகையில் அவர்களுடைய படம் எத்தனை பார்த்திருப்பேன்! திரையில் கதாநாயகன் பேசும்போது எனக்குச் சரியாகவே விளங்கியது. மேசைக்கு முன்னால் சாட்சி பேசும்போது மட்டும், என் காது அரசாங்கக் காதாகிவிட்டது.

பெரியவரிடம் ஓடினேன். விசயத்தைச் சொன்னதும் அவர் தேநீர் புரையேற ஐந்து நிமிடம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உத்தியோகத்தரானார்.

"கையெழுத்து வைச்ச வாக்குமூலம். இனி வெட்டேலாது."

"திருத்தலாம் சேர்."

"திருத்தலாம். எழுதினவர் விட்ட பிழையெண்டு எழுதினவரே விளக்கம் தரவேணும். அது உம்முடைய பெயர்க்கோவையில போகும். உமக்குப் பதவி உயர்வு நேர்முகம் எப்ப?"

அடுத்த மாதம். அதை நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அந்த ஒரு மணித்தியாலம் நான் சட்டக்கோவைகளைப் புரட்டியதுபோலப் பிறகு ஒருநாளும் புரட்டியதில்லை. பேராசிரியருக்காகத்தான் புரட்டினேன் என்று சொன்னால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஒருவர் மேலும் பழி விழாமல் ஒரு கையெழுத்தை இல்லாமல் செய்ய வேண்டும். கடைசியில் பின்னிணைப்பு ஒன்றில் அகப்பட்டது. வேற்றுமொழிச் சாட்சியின் வாக்குமூலம், சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எடுக்கப்பட்டால் அது எடுக்கப்படாததற்குச் சமம்.

பெரியவர் அதை இரண்டு முறை வாசித்தார். "வேற்று மொழியோ? அந்த மனிசன் தமிழ்தானே கதைச்சவர்?"

"இல்லை சேர். அவர் பேசினவர்."

பெரியவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு படிவத்தை எடுத்தார். 'சாட்சியின் மொழி' என்ற இடத்தில் 'தமிழ், இந்தியா' என்று எழுதினார். 'பெயர்க்கப்படும் மொழி' என்ற இடத்தில் 'தமிழ், இலங்கை' என்று எழுதினார். மொழிபெயர்ப்பாளர் பெயருக்கு என் பெயரைப் போட்டார். உண்மையாகவும் பாரபட்சமின்றியும் தமிழிலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பேன் என்று நின்றபடி சத்தியம் செய்தேன். சாட்சிக்கு ஓவசியரைக் கூப்பிட்டோம். அந்த ஆள் என்ன நினைத்தாரோ, மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

அலுவலகம் மூடுகிற நேரம் பேராசிரியரைத் திரும்ப அழைத்தோம். மொழிபெயர்ப்பாளர் என்ற சொல்லைக் கேட்டதும் குடையைத் தரையில் ஒரு குத்துக் குத்தினார்.

"என்னுடைய தமிழுக்கு மொழிபெயர்ப்பாளரா? எங்க தெருவில மூணு தலைமுறையாத் தமிழ் சொல்லிக்கொடுத்த குடும்பம் சார் நாங்க! இதுக்கு என்னைக் கைது பண்ணியிருக்கலாம்."

பின்னால் நின்ற மாணவி, "சார், படகு சார்" என்றாள்.

அவர் தொண்டையில் எதையோ விழுங்கினார். தமிழ்நாட்டின் மானமாகத்தான் இருக்கும். "கேளுங்க" என்றார்.

"நீங்கள் காவலாளியை என்ன செய்தனீங்கள்?" பெரியவர் கேட்டார்.

"அவரோட என்ன செய்தீங்கன்னு கேக்கறார்" என்று நான் பெயர்த்தேன்.

"பேசினேன்."

"கதைத்தாராம், சேர்."

"கோபமா ஏதாவது?"

"திட்டினீங்களான்னு கேக்கறார்."

"திட்டுறதா? அந்த மனுஷனையா? ஐயையோ! என் மாணவர்களை விடக் கவனமாக் கேட்டார் சார்."

"ஏசவில்லையாம், சேர்."

காவலாளி மூலையில் இருந்து, "ஓம், ஓம். நான் முதலே சொன்னனே" என்றார். அதையும் பேராசிரியருக்குப் பெயர்த்தேன். கடமை என்றால் கடமை. முதல் வாக்குமூலம் செல்லாதது என்று பெரியவர் குறுக்கே எழுதினார். பதினைந்தைப் பதினாறு ஆக்கி வள்ள அனுமதியில் கையெழுத்து வைத்தார்.

காலையில் இறங்குதுறைக்கு நானும் போனேன். குழு ஊரைவிட்டுப் போகும்வரை மொழிபெயர்ப்பாளர் கூடவே இருக்க வேண்டும் என்று அதே பின்னிணைப்பு சொல்லியது. அதை நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன், யாரை நோவது? நிபந்தனைகளை வாசித்துக் காட்டினேன். புகைப்படக் கருவி கூடாது, பென்சில் கூடாது, தாள் கூடாது. மாணவர்கள் எல்லாவற்றையும் கரையில் வைத்துவிட்டு வள்ளத்தில் ஏறினார்கள்.

வள்ளக்காரர் மூதூர்ப் பக்கத்து மனிதர். அதிகம் வாய் திறக்கமாட்டார். துறைமுகத்தின் நடுவுக்கு வந்ததும் இயந்திரத்தை நிறுத்தினார். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"இருங்கோ ஐயா! வள்ளம் பிரளும்!"

"உட்காரச் சொல்றார்" என்று பெயர்த்தேன். அவர் கேட்கவில்லை. இரண்டு மாணவர்கள் அவர் கால்களைக் கட்டிப்பிடித்தார்கள். மாணவி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவர் குடையை ஊன்றிக்கொண்டு, மணிக்கூட்டு முள் மாதிரி, மெல்ல மெல்லத் திரும்பினார். மலை. மரங்கள். பார்க்கக்கூடாத தாங்கிகள். மறுபடியும் மலை. தெற்கே துறைமுக வாய் வந்தது. அங்கே கரை அறுந்து நீர் வெளுத்துக் கிடந்தது. பேராசிரியர் அப்படியே நின்றுவிட்டார். முப்பது வருடமாகக் கரும்பலகையில் எழுதியதை யாரோ ஈரத் துணியால் துடைக்கிறமாதிரி ஒரு பார்வை.

"அது... கடலா?" என்று கேட்டார்.

நான் வள்ளக்காரரைப் பார்த்தேன்.

"அது கொட்டியாரக்குடாவெல்லோ. அங்கால வடிவாப் பாக்கச் சொல்லுங்கோ, கறுப்பா ஒரு கோடு தெரியும். சம்பூர்க் கரை. கடல் அதுக்கும் அங்கால."

பெயர்த்தேன். பேராசிரியர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கோடு இருந்தது.

மிச்சமிருந்த வட்டத்தையும் அவர் நிதானமாகத் திரும்பி முடித்தார். "தெரியல" என்றார். மகளுக்குக் கலியாணம் நிச்சயமான தகப்பனின் முகத்தோடு உட்கார்ந்தார்.

வள்ளக்காரர் இயந்திரக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்து, "கடல் தெரியாதெண்டு நான் கரையில நிண்டே சொல்லியிருப்பனே. இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தவர்?" என்றார்.

"என்ன சொல்றார்?" பேராசிரியர் கேட்டார்.

"கரையிலேயே கேட்டிருந்தா சொல்லியிருப்பாராம்."

"கேட்டுத்தானே முப்பது வருஷம் ஓட்டினேன்" என்றார் பேராசிரியர்.

அதை வள்ளக்காரருக்கு நான் பெயர்க்கவில்லை. அவருக்கு விளங்கியிருந்தது. கயிற்றை இழுக்காமல், இன்னும் கொஞ்ச நேரம் வள்ளத்தை அங்கேயே மிதக்கவிட்டார்.