சரிவில் கேட்ட ஹாரன்

நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். அந்தச் சரிவில் நின்றவள் நான். ஹாரனைக் கேட்டவை என் காதுகள்.

பென்சில்வேனியாவில் எங்கள் ஊருக்கு வெளியே இருக்கும் குப்பை மலையில், லாரிகளுக்கு எடை போடும் வேலை எனக்கு. என் கணவர் வெண்டல் அங்கே புல்டோசர் ஓட்டினார். நிரம்பிய பக்கத்தை மூடுவது அவர் வேலை. குப்பைமேல் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் மண். விரிப்பு வழுக்கும். அதனால் மண்ணை அடிவாரத்திலிருந்து மேல்நோக்கித்தான் தள்ள வேண்டும். கீழே கிடக்கும் மண்தான் மேலே இருப்பதைத் தாங்கும். ஏப்ரலில், மழைக்கு முன் முடிக்கும் அவசரத்தில், உச்சியிலிருந்து தள்ளச் சொன்னார் மேலாளர். சரிவு மண் முழுவதும் ஒரே போர்வையாக நழுவி இறங்கியது. வெண்டலை அதற்கடியிலிருந்து சடலமாக எடுத்தார்கள்.

எங்கள் ஆட்களுக்கு ஹாரன்தான் பேச்சு. மூன்று அடித்தால் பின்னால் போ. இரண்டு அடித்தால் முன்னால் வா. வெண்டல் வீட்டு வாசலில் காரைப் பின்னுக்கு எடுக்கும்போதுகூட மூன்று அடிப்பார். பக்கத்து வீட்டு நாய் ஊளையிடும்.

அவர் இடத்துக்கு ரோண்டா வந்தாள். அவரிடம் தொழில் பழகியவள். அவர் இருந்தபோது, இரண்டு வருடம் எங்கள் இரவுச் சாப்பாட்டில் அவளைப் பற்றித்தான் பேசுவார். ரோண்டாவின் வேலை சுத்தம். ரோண்டாவுக்கு மண்ணைத் தொட்டாலே தெரிந்துவிடும். நான் உருளைக்கிழங்கை மசித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

நவம்பரில் ஒரு மதியம் அவள் என் எடை அறை ஜன்னலுக்கு வந்தாள்.

"மார்ஜி, கோவிச்சுக்காதீங்க... வெண்டல் வர்றார்."

"எங்க?"

"சரிவுல. மூணு நாளா. என் பக்கத்துலயே நிக்கிறார்."

பின்னால் நின்ற லாரிக்காரர் ஆஸ்கர் சிரித்தார். "செத்தும் ஓவர்டைமா? அவன் மாறவே மாட்டான்!"

ரோண்டா சிரிக்கவில்லை. "மறுபடியும் மேலேர்ந்து தள்ளச் சொல்றாங்க. பாதி தள்ளியாச்சு. இன்னைக்கு இன்ஜின் தானா நின்னுடுச்சு. பேட்டரியக் கழட்டி ஷெட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க."

எனக்குப் பயம் வரவில்லை. வயிறு எரிந்தது. ஏழு மாதமாக விளக்கை அணைக்காமல் படுத்தவள் நான். வாசனை போய்விடும் என்று அவர் தலையணை உறையைத் துவைக்காதவள் நான். என்னிடம் வரவில்லை. அவளிடம் வந்திருக்கிறார்.

மாலை ஐந்து மணிக்கு ஜன்னலைச் சாத்தினேன். இருட்டிக்கொண்டு வந்தது. நேராகச் சரிவுக்கு நடந்தேன்.

தூறல் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஆனால் அடிவாரம் முழுக்கச் சேறு. மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்தது... ஏறினேன். காலுக்கடியில் ஏதோ மெல்ல அசைந்தது. நின்றேன். அதுவும் நின்றது.

மேலே புல்டோசர். அருகில், வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாத ரோண்டா.

அவளுக்குப் பக்கத்தில்... ஒருவர்.

மஞ்சள் தொப்பி. இடது தோள் சற்றே சரிந்திருந்தது. வெண்டல் அப்படித்தான் நிற்பார்.

"வெண்டல்! நான்தான்... மார்ஜி. ஒரு தடவை என்னப் பாருங்க."

திரும்பவில்லை.

மணி 5.20.

ஹாரன். ஒன்று... இரண்டு... மூன்று.

பின்னால் போ.

அவள் மட்டும் அவர் பக்கத்தில் நிற்கலாம். நான் போக வேண்டும்.

அழுதுகொண்டே இறங்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை. தார் சாலையில் கால் வைத்தேன்.

சர்ர்ர்ர்...

துணி கிழிவது போல. பிறகு இடி.

பிறகு ஒன்றுமில்லை.

சரிவில் மண்ணே இல்லை. கறுப்பு விரிப்பு மட்டும் ஈரத்தில் மின்னியது.

ரோண்டாவின் உடலை மறுநாள் காலையில் எடுத்தார்கள். புல்டோசரில் பேட்டரி இல்லை, ஹாரன் அடித்திருக்கவே முடியாது என்றார்கள் விசாரிக்க வந்தவர்கள். வெண்டல்தான் என்னைக் காப்பாற்றினார் என்றது ஊர். நானும் அப்படியே நம்பினேன். ஏழு மாதத்தில் முதல் தடவையாக விளக்கை அணைத்துத் தூங்கினேன்.

ரோண்டாவை அடக்கம் செய்த அன்று, சர்ச் கூடத்தில் ஆஸ்கர் காபியோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அன்று மாலை கடைசி லோடு மண்ணைக் கொட்டிவிட்டு உச்சியில் நின்றிருந்தவர் அவர். முகத்தில் பழைய கேலி இல்லை.

"மூணு ஹாரன் கேட்டதும் அவளும் கிளம்பிட்டா, மார்ஜி. ஓரத்துப் பாதைக்கே வந்துட்டா. தப்பிச்சிருப்பா."

"அப்புறம்?"

"மறுபடியும் ஹாரன், ரொம்ப மெல்லிசா. நின்னா. சிரிச்சா. திரும்பி நடந்து போயிட்டா."

"எத்தனை?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ரெண்டு."