சொல்லாமல் விளையாடிய சனிக்கிழமை

என் காலைகளைப் பொத்தான்களால் வாங்கிக்கொண்டிருந்தேன். அதுதான் அப்போதைய என் வாழ்க்கை.

பொரளையில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம். மதியத்துக்குப் பிறகு மட்டும் எனக்கு அங்கே வேலை. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகப் பதிவு. சிங்களத்திலிருந்து தமிழுக்கு, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு. பாதி நாள், பாதிச் சம்பளம். காலை முழுக்க என்னுடையது. வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடிப் பின்யன்னல், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தெரியும் கடலின் ஒரு கீற்று, ஆறிப்போகும் பிளேன்டீ. அந்த மணித்தியாலங்களில்தான் நான் எழுதுகிறேன். வேறு நேரத்தில் எனக்குச் சொல் வராது. நாற்பத்தெட்டு வயதுக்குப் பிறகு அதை மாற்றவும் முடியாது.

சம்பளத்தின் மற்றப் பாதியைச் சனிக்கிழமைகள் கொண்டுவந்தன.

இரண்டு ஒழுங்கை தள்ளிச் சாறிச் சட்டை தைக்கும் சிநேகிதி ஒருத்தி. சனிக்கிழமை பின்னேரம் தையல் மெஷினுக்குத் துணி போர்த்துவிட்டால், அவளுடைய துணி வெட்டும் மேசை எங்கள் சீட்டு மேசை. நாங்கள் நான்கு பேர். அவள், நான், ஹெவ்லொக் டவுனிலிருந்து வரும் ஓய்வுபெற்ற கணித டீச்சர், கொட்டாஞ்சேனையில் மின்சாமான் கடை வைத்திருக்கும் ஒருத்தி. எங்களில் இளையவள் அவள்தான், சத்தமும் அவள்தான். முன்பெல்லாம் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடினோம். ஊரடங்கு நாட்களில் தையல்காரியின் மகள் கனடாவிலிருந்து தொலைபேசித் திரையில் போக்கர் சொல்லித்தந்தாள். அதன்பிறகு வேறு விளையாட்டு எங்களுக்கு ருசிக்கவில்லை. கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, பயந்தால் சீட்டை மடித்து விலகலாம், துணிந்தால் காசை நடுவில் தள்ளலாம். காசுக்குப் பதில் பொத்தான். வெள்ளைச் சட்டைப் பொத்தான் ஐம்பது ரூபாய், கறுப்பு நூறு, கோட்டுக்குத் தைக்கும் பித்தளைப் பொத்தான் ஐந்நூறு. கரையோர ரயில் போகும்போது மேசை அதிரும், பித்தளை மட்டும் மெல்லக் கிணுகிணுக்கும்.

நான் வென்றேன். ஒரு சனி இல்லாவிட்டால் மறுசனி. மாத முடிவில் எப்போதும் என் பக்கம் மிச்சம் இருந்தது. எனக்கு இது வரும் என்று நம்பத் தொடங்கினேன். வரியை எங்கே முறிக்கவேண்டும் என்று தெரிவதுபோல, சீட்டை எங்கே மடிக்கவேண்டும் என்றும் கைக்குத் தெரிகிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் அலுவலகத்தில் முழுநாள் இடம் ஒன்று காலியானது. "திங்கட்கிழமை காலமை பதில் சொல்லுங்கோ மிஸ், இல்லாட்டி வெளியில ஆள் எடுக்கவேணும்" என்றார் அலுவலகப் பெரியவர். ஏற்றால் காலைகள் போய்விடும். மறுத்தால் இனி அந்தப் பாதிச் சம்பளம்கூட நிச்சயமில்லை, பொத்தான்களைத்தான் நம்பவேண்டும். நான் உண்மையாகவே வெல்லுகிறவளா என்பது ஒரு கிழமைக்குள் தெரிந்தாகவேண்டிய கேள்வியாகிவிட்டது.

வெள்ளி இரவு சாப்பாட்டு மேசையில் கணவர் கேட்டார். சீட்டுத் தொடாத மனிதர். கிரிக்கெட் மட்டும் பார்ப்பார், அதிலும் தோற்கிற பக்கத்தை.

"நீர் வெல்லுறீர்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா நல்ல சீட்டைக் கையில வைச்சுக்கொண்டு எப்பவாவது பெருசாத் தோத்திருக்கிறீரோ?"

"ஏன் தோக்கவேணும்?"

"உம்மட நல்ல சீட்டைவிட எதிராளியிட்ட நல்ல சீட்டு வாறதும் நடக்குந்தானே. அது எல்லாருக்கும் வரும். உமக்கு மட்டும் ஏன் வரேல்லை?"

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்டும் தெரியாது. அதுதான் கேக்கிறன்" என்று சொல்லிக் கோப்பையைக் கழுவ எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை எழுதவில்லை. கடற்கரை வீதியில் நடந்தேன். வெயில் ஏற முன்னமே வியர்த்தது. பெரிய தோல்வி ஒன்றையாவது நினைவில் தேடினேன். வரவில்லை. பதிலாக வேறு சில வந்தன. என் கையில் ஜோடி ராசா இருந்த ஒரு நாள், தையல்காரி மேசையிலிருந்த நூல் துண்டுகளைத் தட்டிக்கொண்டே, "இதுக்கு மேல போகாதையும்" என்றது. டீச்சர் தன் சீட்டுகளின் முதுகில் விரலால் தட்டி, "உந்தக் காசை வீணாக்காதையும்" என்றது. கொட்டாஞ்சேனைக்காரி நேரே என் கையைப் பிடித்து, "அக்கா, வேணாம், மடிச்சிடுங்க" என்றது. ஒவ்வொரு முறையும் நான் மடித்தேன். பிறகு சீட்டைத் திருப்பிக் காட்டும்போது ஒவ்வொரு முறையும் அவர்கள் சொன்னது உண்மை.

முந்நூற்றிநாலு இரண்டு பேர் சேர்ந்து இரண்டு பேரோடு ஆடுவது. எதிரே இருக்கும் கூட்டாளிக்கு ஒரு செருமலால், புருவத்தால் கையைத் தெரியப்படுத்துவதில்தான் பாதி விளையாட்டு. போக்கரில் யாருக்கும் கூட்டாளி கிடையாது. எங்களுக்கு அது விளங்கவே இல்லை. பழைய பழக்கத்தோடு புது மேசைக்கு வந்து ஒருத்தியை ஒருத்தி காப்பாற்றிக்கொண்டிருந்தோம். அதிகம் காப்பாற்றப்பட்டவள் நான். பாதிச் சம்பளக்காரி என்று மூவருக்கும் தெரியும். என் பக்கம் மிச்சமிருந்ததெல்லாம் கைத்திறனா, அவர்களுடைய இரக்கமா? இரண்டையும் பிரிக்க எனக்கு ஒரேயொரு பின்னேரம் இருந்தது.

மேசையில் உட்கார முன்னமே சொல்லிவிட்டேன். "இண்டைக்கு ஒருத்தரும் எனக்கு ஒண்டும் சொல்லக்கூடாது. செருமக்கூடாது. கையைப் பிடிக்கக்கூடாது."

"நாங்கள் என்னத்தைச் சொன்னனாங்கள்?" என்றாள் தையல்காரி. குரலில் கள்ளம் இல்லை. தாங்கள் செய்வது அவர்களுக்கே தெரியாது.

"என்ன, சோதினை எழுதுறீரோ?" என்றார் டீச்சர்.

"ஓம் டீச்சர்."

"அப்ப மேற்பார்வைக்கு நான். பாத்தெழுதினால் பேப்பரைக் கிழிப்பன்."

கொட்டாஞ்சேனைக்காரி சிரித்தாள். "நா சொல்லாட்டி நீங்க அழுதுருவீங்க அக்கா. பிறகு என்னைய ஏசக்கூடாது."

முதலில் பகிடியாக இருந்தது. அரைமணி நேரத்தில் பகிடி செத்துவிட்டது. பேசாமல் சீட்டுப் போடுவது எப்படி என்று நாங்கள் நால்வருமே அறிந்திருக்கவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் இவ்வளவு பெரிதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொறிக்க வைத்திருந்த ரோல்ஸ் தட்டை ஒருத்தரும் தொடவில்லை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். அது எனக்குச் சொல்வதா, வெறும் துடைப்பா? என் வெள்ளைப் பொத்தான்கள் குறைந்தன. பிறகு கறுப்பு. பழக்கத்தில் ஒவ்வொரு தடவையும் முகங்களைப் பார்த்தேன். முகங்கள் மூடியிருந்தன.

கடைசி ரயிலுக்கு முந்திய ரயில் போன பிறகு எனக்கு இரண்டு ஏஸ் வந்தன.

அதைவிடப் பெரிய ஆரம்பம் கிடையாது. தள்ளினேன். தையல்காரி மடித்தாள், டீச்சர் மடித்தார். கொட்டாஞ்சேனைக்காரி மட்டும் என்னோடு வந்தாள். நடுவில் மூன்று சீட்டு விழுந்தது. அதில் இரண்டு ஸ்பேட்ஸ். இன்னும் தள்ளினேன், அவளும் வந்தாள். நாலாவது சீட்டு ஒன்றுக்கும் உதவாத ஒரு ஹார்ட்ஸ். ஐந்தாவது, இன்னொரு ஸ்பேட்ஸ். நடுவில் இப்போது மூன்று. அவள் கையில் இன்னும் இரண்டு ஸ்பேட்ஸ் இருந்தால் ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்துவிடும், என் ஏஸ்கள் இரண்டும் வெறும் கடதாசி.

தன் முன்னாலிருந்த பொத்தான் எல்லாவற்றையும், பித்தளை உட்பட, இரண்டு உள்ளங்கையாலும் அணைத்து நடுவுக்குத் தள்ளினாள்.

பார்த்தேன். வாயைத் திறக்கிறாளா? கை நீள்கிறதா? அவள் கீழே மேசையின் வெட்டுக் காயங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுத் தோடு மட்டும் ஆடியது, அதுவும் விசிறிக் காற்றில். நான் கேட்டுக்கொண்ட மௌனம் அதுதான். சரிக்குச் சரி கட்டினால் என்னிடம் இருப்பதெல்லாம் போகும், அல்லது அவளிடம் இருப்பதெல்லாம் வரும். பொத்தான் குவியலுக்குள் எனக்குச் சீட்டே தெரியவில்லை. பொரளை மேசை தெரிந்தது. குழல்விளக்கு, ரப்பர் முத்திரை, காலை ஒன்பது மணியை நிறைத்துக் கிடக்கும் கோப்புகள். கடலின் கீற்று ஒரு நூல் அளவுக்குச் சிறுத்து, பின் இல்லாமல் போனது.

மடித்தேன்.

தையல்காரி மூச்சு விட்டாள். டீச்சர், "நேரம் முடிஞ்சுது, பேனையைக் கீழ வையும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கொட்டாஞ்சேனைக்காரி தன் இரண்டு சீட்டையும் கட்டுக்குள் செருகினாள். காட்டவில்லை. நான் கேட்டபடியே நடந்தாள்.

காலி வீதியில் அவளுடைய பஸ்ஸுக்காக நின்றோம். கண்டக்டர்கள் கோட்டையென்று கத்திக் கத்திப் போனார்கள். அவள் ஒரு பஸ்ஸை விட்டாள், இன்னொன்றையும் விட்டாள்.

"அக்கா, சொல்லவா? ஒரு வார்த்தைதான்."

"வேண்டாம்."

"மனசு கெடந்து அடிக்குதுக்கா. உங்களுக்குத் தூக்கம் வருமா?"

"வராது. எண்டாலும் வேண்டாம்."

"நல்ல ஆளு போங்க. பிடிவாதம்" என்று ஏறிப்போனாள். படியில் தொங்கியபடி கையால் ஏதோ காட்டினாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு ஸ்பேட்ஸ் என்று அவள் சொல்லியிருந்தால், நான் கெட்டிக்காரி என்று வீடு வரைக்கும் நடந்திருப்பேன். ஒன்றுமில்லாமல்தான் தள்ளினேன் என்று சொல்லியிருந்தால், முட்டாள் என்று என்னை ஏசியிருப்பேன். இரண்டும் பொய். ஏனென்றால் நான் எந்தச் சீட்டையும் யோசிக்கவில்லை. முதல் மூன்று சீட்டுக்கு அவள் ஏன் கூட வந்தாள், நாலாவதுக்கு ஏன் தயங்கவில்லை, இப்படிக் கேட்கவேண்டிய ஒன்றையும் கேட்கவில்லை. திங்கட்கிழமையைப் பார்த்து மடித்தேன். வாழ்க்கையை மேசையில் வைத்துவிட்டுச் சீட்டைப் பார்க்க எனக்கு முடியாது. வெல்லுகிறவளுக்கு முடியும். அவள் கையில் என்ன இருந்ததென்று தெரியாமலே எனக்கு இவ்வளவும் தெரிந்தது.

திங்கள் காலை பின்யன்னலருகே நின்று தொலைபேசி எடுத்தேன்.

"நான் முழுநாளும் வாறன்."

"சந்தோசம் மிஸ். முதலாந் தேதியில இருந்து வாங்கோ."

தொலைபேசியை வைத்தபிறகும் யன்னலை விட்டு நகரவில்லை. கீற்றில் ஒரு சிறு படகு தென்பட்டு, கட்டடத்துக்குப் பின்னால் போய் மறைந்தது. எழுத ஒன்றும் வரவில்லை. அழுகையும் வரவில்லை.

அடுத்த சனி போகாமலிருக்க நினைத்தேன். போனேன். ரோல்ஸ் சூடாக இருந்தது, எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள், சோதினையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. இருட்டத் தொடங்கும் நேரம் எனக்கு ஜோடி ராணி வந்தது. நடுவிலும் ஒரு ராணி விழுந்து மூன்றாகியது. மற்ற இருவரும் மடித்துவிட்டார்கள். கொட்டாஞ்சேனைக்காரி பித்தளைகளைத் தள்ளினாள். தள்ளிவிட்டுப் பழையபடி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, வேணாம். மடிச்சிடுங்க."

தையல்காரி, "ஓம் பிள்ளை, அவள் சொல்லுறாளெல்லே" என்றாள்.

போன சனிக்கு முன்னென்றால் அந்தக் கணமே மடித்திருப்பேன். இப்போது அவள் முகத்தை நம்ப முடியவில்லை. பேசாமல் இருந்தே என்னை மடிக்கவைக்கலாம் என்று அவள் ஒரு தரம் கண்டுவிட்டாள். பேசியும் மடிக்கவைக்கலாம் என்று கண்டிருக்கமாட்டாளா? அந்தப் பாடத்தை நானே கேட்டு வாங்கி எங்கள் மேசைக்குக் கொடுத்திருந்தேன். அவள் எதற்குக் கூட வந்தாள், எங்கே தயங்கினாள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நேரம் எடுத்தேன். வீட்டு வாடகை ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் கையை மெதுவாக விலக்கினேன், என் பொத்தான்கள் எல்லாவற்றையும் தள்ளினேன்.

"ஐயோ அக்கா!" என்று சீட்டைத் திருப்பினாள். வரிசையாக ஐந்து. என் மூன்று ராணிகளும் அதற்குக் கீழே. "உண்மையத்தானே சொன்னேன்! சாமி சத்தியமா உண்மையத்தானே சொன்னேன்!"

டீச்சர் சிரித்ததில் கண்ணாடி கழன்று விழுந்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வீட்டில் கணவர் கதவைத் திறந்தார். "என்ன, வெண்டனீரோ?"

"இல்லை. நல்ல சீட்டோட, பெருசாத் தோத்தனான்."

ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வழிவிட்டார். "அப்ப உம்மட வெற்றி தோல்வியை இண்டையில இருந்து எண்ணும்" என்றார்.