வாயை மூடிக்கொண்ட நேர்ஸ்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில், புதிதாக வந்தவர்களின் ஆங்கிலத்தை அளக்கும் ஆய்வு நிலையமொன்றில் எனக்கு முதல் வேலை. வாய்மொழிச் சோதனையை ரேப்பில், அதாவது ஒலிநாடாவில், பதிவோம். இரண்டு பேர் தனித்தனியே கேட்டு ஸ்கோர் போடுவோம். அந்த இரண்டாவது ஆள் நான்.

ஒருநாள் புஷ்பராணி அக்கா வந்தார். யாழ்ப்பாணத்தில் பல வருடம் நேர்ஸ். இந்தச் சோதனையில் தேறினால்தான் இங்கே நேர்சிங் படிப்புக்குள் நுழையலாம்.

"உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் பரீட்சகர்.

"நேர்ஸ். ஒப்பரேஷன் வார்ட்."

"மறக்கமுடியாத ஒரு நாளைப் பற்றி?"

"ஷெல் விழுந்த நாள்."

அவ்வளவுதான். உச்சரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் அளவுகோலில், தொடர்ந்து பேசாதவருக்கு மேல் ஸ்கோர் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த அறையில் ரேப்பைக் கேட்டு முடித்த கையோடு வெளியே போய் அவரைப் பிடித்தேன்.

"என்னக்கா, வாயைத் திறந்து நாலு வசனம் கதைச்சா என்ன?"

"பிள்ளை, ஊரில ஆமியின்ர செக்பொயின்ரில கேட்டதுக்கு மட்டுந்தான் பதில் சொல்லவேணும். ஒரு சொல்லுக் கூடினா அதில இருந்து இன்னொரு கேள்வி கிளம்பும். இங்கயும் ஒரு மேசை, முன்னால ஒரு ஒஃபிசர், ரேப் வேற. வாய் தன்பாட்டில மூடிட்டுது."

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று சொல்லி வளர்ந்த சனம் நாங்கள். யுத்தத்துக்குள் வாயை மூடிய பிள்ளைதான் பிழைத்தது.

மேலதிகாரியிடம் சொன்னேன். கெட்ட மனிதர் அல்ல, முழுவதும் கேட்டார். "ரேப்பில் இல்லாததற்கு எப்படி ஸ்கோர் போடுவது?" என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. அதுதான் கூடுதலாக வலித்தது. அக்கா தேறவில்லை.

'விரிவாகப் பேசுங்கள், இங்கே யாரும் உங்களை விசாரிக்கவில்லை' என்று சோதனைக்கு முன்னால் அவரவர் மொழியில் சொல்லவேண்டும் என விடாமல் சண்டை பிடித்தேன். கூட்டத்துக்கு மேல் கூட்டம். சில வருடங்கள் கழித்துத்தான் ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்கே அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். அவர் மில்லிக்கன் பக்கம் ஒரு பக்டரியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"திரும்ப வந்து எடுங்கோ அக்கா. இப்ப முறையை மாத்திட்டம்."

"வேண்டாம் பிள்ளை. பக்டரியில முழுக்கத் தமிழ் ஆக்கள். இருந்த இங்கிலிஷும் போயிட்டுது. இப்ப கதைக்கச் சொன்னாலும் ஒண்டும் வராது."

இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். சோதனை முறையை நாங்கள் வருடக்கணக்கில் ஆறுதலாக மாற்றலாம். சோதனைக்கு வந்த மனுஷிக்கு அவ்வளவு காலம் கிடையாது.