சாமந்தி காட்டிய காற்று

என் மனைவிக்கு இடது காதில் ஜவ்வு கிழிந்து, தர்மபுரியில் ஆபரேஷன் செய்தார்கள். நன்றாகவே ஆறிவிட்டது. காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காற்று வேகமாக அடிக்கிற இடத்துக்குப் போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தண்ணீரைச் சமாளித்துவிடலாம். காற்றுதான் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். போர்வெல் லாரியில் ஏறி ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறேன். பெங்களூரில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்து, அந்த மாவு மூட்டைகளின் மேலேயே தூங்கியிருக்கிறேன். சாப்பாடு கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. இப்போது கம்பைநல்லூரில் மோட்டார் ரிப்பேர் செய்கிறேன். ஆனாலும் நாலு நாள் சேர்ந்தாற்போல ஒரே இடத்தில் இருந்தால் எனக்குப் பொறுக்காது. அதற்காகத்தான் செகண்ட் ஹேண்டில் ஒரு குரூசர் பைக் வாங்கினேன். ஓட்டுகிறவனுக்குத் தாழ்ந்த சீட்டு, பின்னால் உட்காருகிறவருக்குச் சற்று உயர்ந்த சீட்டு. அந்த உயர்ந்த சீட்டு அவளுடையது.

காது ஆறிய பிறகு ஒரு தடவை பஞ்சு வைத்து, ஹெல்மெட் போட்டுக்கொண்டு மொரப்பூர் வரை வந்தாள். திரும்பும்போது ஒரு கையால் ஹெல்மெட்டோடு சேர்த்துக் காதைப் பொத்தியபடியே வந்தாள். வீட்டில் இறங்கியதும் கோபமில்லாமல் சொன்னாள்: “இனிமே நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. நான் வூட்லயே இருந்துக்கறேன்.”

அடுத்த வாரம் வத்தல்மலைக்குத் தனியாகப் போனேன். வளைவுகள் எல்லாம் அப்படியேதான் இருந்தன. மேலே ஒரு கடையில் டீ குடித்தேன். “இது டீயா, கழனித்தண்ணியா?” என்று கேட்க அவள் பக்கத்தில் இல்லை. பாதி டீயை வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

அப்போதுதான் வண்டிக்கு முன்னால் ஒரு விண்ட்ஷீல்டு, அதாவது காற்றைத் தடுக்கிற பிளாஸ்டிக் கண்ணாடி, போடலாம் என்று தோன்றியது. தர்மபுரியில் எனக்குப் பழக்கமான ஒருவர் பைக் சாமான் கடை வைத்திருக்கிறார். போர்வெல் லாரியில் என்னோடு வேலை பார்த்தவர். ஹெட்லைட் அளவுக்குக் குட்டையான கறுப்புக் கண்ணாடி ஒன்றையும், நெற்றிவரை வரும் வெள்ளைக் கண்ணாடி ஒன்றையும் எடுத்து வைத்தார்.

“பெருசு வேணாம்டா,” என்றார். “பேக்கரி அலமாரிய முன்னாடி கட்டிக்கினு போற மாதிரி இருக்கும். ஈ தான் மொய்க்கும்.”

நடுத்தர உயரத்தில் ஒன்றைத் தேடி எடுத்தோம். என்னை வண்டியில் உட்காரவைத்துப் பார்த்தார். கண்ணாடியின் மேல்விளிம்பு மூக்கு மட்டத்துக்கு வந்தால் போதும், அதற்கு மேலே ரோட்டை நேராகப் பார்த்து ஓட்டலாம் என்றார். எனக்கும் அதுதான் வேண்டும். பிளாஸ்டிக் வழியாக ரோட்டைப் பார்ப்பது ஜன்னலுக்குள்ளிருந்து பார்ப்பது போல. முன்சக்கர ஃபோர்க்கில் கிளாம்ப் மாட்டி, ரப்பர் வைத்து, போல்ட்டுகளை ஒரேயடியாக இறுக்காமல் மாற்றி மாற்றித் திருகினார். ஒரு பக்கமே இறுக்கினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடுமாம்.

வண்டியில் புதிதாக எதைப் போட்டாலும் பூஜை போடாமல் எங்கள் ஊரில் ஓட்ட மாட்டார்கள். முனியப்பன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவளும் வந்தாள். சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி, ஹெட்லைட்டைச் சுற்றிக் கனமான சாமந்தி மாலை கட்டினோம்.

“கோயிலுக்கு வந்தேன், அதனால வூடு வரைக்கும் உட்கார்றேன்,” என்று ஏறினாள்.

நேர் ரோட்டில் வேகம் எடுத்ததும் என் முகத்தில் காற்றே இல்லை. கண்ணாடி வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பின்னாலிருந்து முதுகில் பட்பட்டென்று அடி விழுந்தது. ஓரங்கட்டினேன். அவள் முகமெல்லாம் மஞ்சள் இதழ்கள். ஹெல்மெட்டுக்குள், கழுத்தில், புடவையில் எல்லாம் சாமந்தி. வாயிலிருந்து ஒன்றைத் துப்பினாள்.

“ஏங்க, பூஜை வண்டிக்கா, எனக்கா?”

என் சட்டையில் ஓர் இதழ்கூட இல்லை. கண்ணாடியில் ஏறிய காற்று என் தலைக்கு மேல் தாவி, நேராக அவள் முகத்துக்குப் போயிருக்கிறது. உயர்ந்த சீட்டில் உட்காருகிறவள் அவள். கடையில் அளந்தது என் மூக்கை மட்டும். அவளுடைய காதுக்காக வாங்கிய கண்ணாடி அவளுடைய காதுக்கே காற்றைத் திருப்பிவிட்டிருந்தது.

மறுநாள் அவள் பஸ்ஸிலும் நான் பைக்கிலுமாகத் தர்மபுரி போனோம். கடைக்காரர் அவளைப் பார்த்ததும், “வா தங்கச்சி, புகாரா?” என்றார்.

“உங்க சிநேகிதரு மூக்கு பத்திரமா இருக்குதுண்ணா. எங் காதத்தான் யாரும் அளக்கல.”

இந்தத் தடவை என்னை முன்னால் உட்காரவைத்து, பின்னால் அவளையும் ஏற்றி, அந்த வெள்ளைக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். சாய்த்து வைத்திருந்ததைக் கொஞ்சம் நிமிர்த்தினார். மேல்விளிம்பு என் கண்ணுக்கு மேலே போனது.

“ரோடு உனக்குக் கண்ணாடி வழியாத்தான் தெரியும். மழைல சிரமப்படுவ. பரவால்லயா?”

“மாட்டுங்க,” என்றேன்.

மாட்டி முடித்ததும் அவள் எதிர்க்கடைக்குப் போய் மறுபடியும் ஒரு சாமந்தி மாலை வாங்கி வந்து ஹெட்லைட்டில் கட்டினாள்.

“ஒரே வண்டிக்கு ரெண்டு பூஜையா? முனியப்பன் கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார் அவர்.

“சாமிக்கில்லண்ணா. இது காத்தப் பாக்கறதுக்கு.”

தீர்த்தமலைப் பக்கம் வண்டியை விட்டேன். ரோடும் புளியமரங்களும் கண்ணாடிக்குள் லேசாக மங்கித் தெரிந்தன. முகத்தில் காற்றில்லாமல் ஓட்டுவது எனக்கு இன்னும் பிடிபடவில்லை, உண்மையைச் சொன்னால் பிடிக்கவுமில்லை. அரூர் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. கத்தவில்லை, சும்மா பேசினாள். இத்தனை வருடத்தில் ஓடுகிற வண்டியில் அவள் பேசியது எனக்கு முழுதாகக் கேட்டது அன்றுதான்.

“ஏங்க, திரும்பிப் பாத்தேன். பூவெல்லாம் நம்ம தலைக்கு மேல தாண்டி, பின்னாடி ரோட்ல உழுந்துக்கினே வருது.”

அதன்பின் அவள் நிறுத்தவேயில்லை. கடைக்காரரின் தொப்பை, பக்கத்து வீட்டுக் கோழி, நான் கியர் மாற்றுகிற லட்சணம் என்று மலையடிவாரம் வரை பேசிக்கொண்டே வந்தாள். இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றி, பஞ்சை எடுத்து, விரலால் காதை மெல்ல அழுத்திப் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வலிக்கல,” என்றாள்.

டீக்கடையில் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். “இத குடிக்கவா இவ்ளோ தூரம்?”

நான் இன்னும் இரண்டு டீ சொன்னேன்.