பதினோராவது தடவை

பிரசவ வார்டில் அவளுக்கு எண்ணெய்க்காரம்மா என்று பெயர். எண்ணெய் விற்கிறவள் இல்லை. பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கிறவள். ஆனால் அவள் கைப்பையில் தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய்க் குப்பி ஒன்று எப்போதும் இருக்கும். கதவு கீச்சிட்டால் கீலுக்கு இரண்டு சொட்டு. தள்ளுவண்டி முனகினால் சக்கரத்துக்கு இரண்டு சொட்டு. பழுது பார்க்கிற ஆளுக்குச் சீட்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் குழந்தை பள்ளிக்கூடமே போய்விடும் என்பாள்.

அவள் வேலை அப்படி. குழந்தை தூங்க வேண்டும், அறை அடங்க வேண்டும். பட்டாணி அளவு ரப்பர் முனையைக் காதில் வைத்தால் கருவி உள்ளே டிக் டிக்கென்று ஒலி அனுப்பும். நல்ல காது அதற்கு மெல்லிய எதிரொலி ஒன்றைத் திருப்பி அனுப்பும். அது வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. இதற்கு நடுவில் ஒரு மாமா வந்து, "பேரன் பொறந்துட்டான்!" என்று போனில் கத்துவார். பதினாலு வருஷமாக இப்படி மாமாக்களோடு மல்லுக்கட்டியே அவளுக்குப் பேச்சு குறைந்துபோயிற்று. வாயில் விரலை வைத்து "ஷ்" என்பதுதான் அவள் அதிகம் பேசிய வார்த்தை.

குழந்தை பேச ஒரு வயதாகுமே, காதுக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்கிற அப்பாக்களிடம் மட்டும் பொறுமையாகச் சொல்வாள். "பேசறதுதாங்க ஒரு வயசுல. கத்துக்கறது இன்னிக்கே ஆரம்பிச்சாச்சு. முதல் ஆறு மாசம் காது வழியாவோ, சைகையாக் கண் வழியாவோ பேச்சு உள்ள போகலைன்னா, அப்புறம் பிடிக்கறது பெரும்பாடு." கேட்காத காதை முதல் மாதங்களிலேயே கண்டுபிடித்துக் கேட்க உதவும் கருவியை மாட்டிவிட்டால் பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே பேசி வளர்வதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். மூன்று வயதில் கொண்டுவருகிறவர்களையும் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

அதனால் விதியில் அவள் கறார். ஒரு காதுக்கு இரண்டு தடவை. இரண்டிலும் சிவப்பு என்றால் இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லி எழுதிவிட வேண்டும். மூன்றாவது, நாலாவது என்று வைத்துக்கொண்டே போனால் எங்கோ ஒரு சத்தத்தை எதிரொலி என்று நம்பிக் கருவி பச்சை காட்டிவிடக்கூடும். ஒரு தடவை மூன்றாவதாக வைத்துப் பார்த்த நர்ஸை அவள் திட்டிய திட்டு வார்டு முழுக்கப் பிரசித்தம்.

அப்படிப்பட்டவளின் தங்கைக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது, அதே வார்டில்.

தங்கைக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். ஒரே வித்தியாசம், ரேடியோவுக்கு அணைக்க ஒரு குமிழ் உண்டு. குழந்தை வயிற்றில் இருந்தபோதே அதனிடம் தெருச்சண்டை, கறிகாய் விலை, புருஷனின் குறட்டை என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவள். இரண்டாம் நாள் காலையில் அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததும் குழந்தையிடம், "பெரியம்மா வந்துட்டாடி. இனிமே வாயே திறக்கக் கூடாது, விரட்டிடுவா," என்றாள்.

வலது காது சிவப்பு. மறுபடியும் சிவப்பு. இடது காதும் அப்படியே.

"என்னக்கா, பாஸா?"

"இரு. பொறந்த நேரத்து நீர் காதுல இருக்கும்," என்றாள். அது பொய்யில்லை, பல குழந்தைகளுக்கு இருக்கும்தான். அதற்காகத்தானே இரண்டு வாரம் என்று ஒரு விதி. அவள் ரப்பர் முனையை மாற்றினாள். மூன்றாவது தடவை வைத்தாள். சன்னலைச் சாத்திவிட்டு நாலாவது. எட்டு வருஷம் தவம் கிடந்தவள் எதிரே உட்கார்ந்து தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, "ரெண்டு வாரம் கழிச்சு வா" என்கிற நாலு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. ஏழாவது தடவை வலது காதில் பச்சை விழுந்தது. பதினோராவது தடவை இடது காதில்.

"பாஸ்," என்றாள். பதிவேட்டில் இரண்டு காதுக்கும் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எத்தனை தடவை என்று கேட்கிற கட்டத்தில் "1" என்று எழுதினாள். அவள் கை அப்படி எழுதியது பதினாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

தங்கை வீட்டு இரும்பு கேட்டைத் திறந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும், அப்படி ஒரு கிறீச். தங்கை புருஷன் தச்சர். பக்கத்து அறையிலேயே அறுவை மிஷின் ஓடும். இந்த இரண்டுக்கும் நடுவில் குழந்தை கையை விரித்துப்போட்டுக்கொண்டு தூங்கியது. வீட்டில் அதுதான் பெருமை. "என் பொண்ணு தொழிலுக்குன்னே பொறந்தவ, பலகை அறுத்தாலும் அசையமாட்டா," என்று தச்சர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். மாடிவீட்டுக்காரி, தன் பிள்ளை பொட்டுத் தூக்கம் தூங்குவதில்லை என்று பொறாமைப்பட்டாள்.

பெரியம்மாவோ அந்தப் பெருமையில் கலந்துகொள்ளாமல் நழுவிவிடுவாள். கேட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டால் அந்தச் சத்தத்துக்குக் குழந்தை அசைகிறதா இல்லையா என்று பார்க்க வேண்டியிராதே என்றுகூட நினைத்தாள். ஊரிலுள்ள பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்கிறவள், இந்தக் குழந்தைக்குப் பின்னால் மட்டும் ஒரு நாளும் போய் நிற்கவில்லை. வந்தால் முகத்துக்கு நேரே வந்து சிரிப்பாள், அதுவும் பொக்கை வாயைக் காட்டிச் சிரிக்கும். கேட்காமலா இப்படிச் சிரிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். கேட்காமலும் சிரிக்கும் என்பது அவளுக்கா தெரியாது?

பத்து வாரம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் வார்டில் ஒரு சின்னப்பெண், முதல் பிரசவம், குழந்தைக்கு இரண்டு தடவையும் சிவப்பு. அவள் எண்ணெய்க்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை வெச்சுப் பாருங்கம்மா."

"கூடாதும்மா. கேட்டுக்கிட்டே இருந்தா மெஷினும் நம்ம மனசுக்குப் பிடிச்சதைச் சொல்லிடும். அப்புறம் உன் குழந்தைதான் கஷ்டப்படும்."

சொல்லி முடித்ததும் தான் சொன்னது தனக்கே உறைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினாள். நேராகக் காது டாக்டரம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா கத்தவில்லை. பதிவேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீயா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அவர் ஓங்கி அறைந்திருக்கலாம். விசாரணை பிறகு, முதலில் குழந்தையைக் கூட்டி வா என்று அனுப்பினார்.

தங்கை குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே எதிர்வீட்டு வழக்கைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா சொல்லத் தொடங்கியதும் அவள் பேச்சு பாதியில் நின்றது.

"எத்தனை தடவை வெச்ச?"

"பதினொண்ணு."

"மத்த குழந்தைகளுக்கு?"

"ரெண்டு."

"என் குழந்தைக்கு மட்டும் ஏன்க்கா அப்படிப் பண்ணின?"

"உன் குழந்தைங்கறதாலதான்."

தங்கை குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "பத்து வாரமா இவகிட்ட பேசிட்டே இருந்தேனேக்கா. ஒண்ணு விடாம எல்லாம் சொன்னேனே," என்றாள். பிறகு அக்காவிடம் பேசுவதை நிறுத்தினாள்.

பெரிய பரிசோதனையில் இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு, ஆனால் முற்றிலும் இல்லாமல் இல்லை என்று தெரிந்தது. கருவி மாட்டினால் பலன் உண்டு என்றார் டாக்டரம்மா. எண்ணெய்க்காரம்மாவை மூன்று மாதம் பரிசோதனை வேலையிலிருந்து விலக்கிக் கோப்பு அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். தன் வீட்டுக் குழந்தையைத் தானே பரிசோதிக்கக் கூடாது என்று புதிய விதி ஒன்றும் சுவரில் ஏறியது. அதைத் தட்டச்சுச் செய்து ஒட்டியவள் அவள்தான். கருவி பொருந்துவதற்காகக் காதில் அச்சு எடுக்க ஒரு நாள், கருவி வந்ததா என்று கேட்க ஒரு நாள் என்று நாயாய் அலைந்து தேதிகளை முன்னால் தள்ளினாள். தேதிச் சீட்டை எடுத்துப்போய்த் தச்சர் கையில் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்றே திரும்பிவிடுவாள்.

நாலரை மாதத்தில் கருவி மாட்டினார்கள். அவள் கதவோரம் நின்றாள். டாக்டரம்மா விசையைப் போட்டதும் முஷ்டியைச் சப்பிக்கொண்டிருந்த குழந்தை சப்புவதை நிறுத்தியது. கண் அகலமாயிற்று. எல்லாரும் ரேடியோவைப் பார்த்தார்கள். அவளுக்கோ, ஆயுசிலேயே முதல் தடவையாக, என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"அம்மாடி," என்றாள்.

குழந்தை உதட்டைப் பிதுக்கி ஓவென்று அழுதது. தன் அழுகையே காதில் விழவும் திகைத்து நிறுத்தியது. அறையில் எல்லாரும் அழுதார்கள், தச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார்.

வெளியே வந்ததும் தங்கை அக்காவிடம் இரண்டு மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள். "உன்னை நான் மன்னிக்கலை. ஆனா அந்தப் பத்து வாரம் திரும்ப வேணும். தினமும் சாயங்காலம் வந்து இவகிட்ட பேசு. ஷ்ஷுன்னு சொல்ற வேலையெல்லாம் இங்க ஆகாது."

பேசத் தெரியாதவள் பேசப் போனாள். முதல் வாரம் ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கும் அறிவிப்புகளை மனப்பாடமாக ஒப்பித்தாள். காலணியைக் கழற்றி வைக்கவும், வரிசையில் நிற்கவும் என்று கேட்டுக் குழந்தை கெக்கலித்தது. பிறகு பஸ்ஸில் பார்த்த ஆட்கள், கோப்பு அறைப் பல்லி, மறுபடி வார்டுக்குப் போனபின் அன்றைக்கு வந்த மாமாக்கள் என்று சரக்கு சேர்ந்தது.

குழந்தைக்கு ஏழு மாதம் இருக்கும். ஒரு சாயங்காலம் அவள் வழக்கம்போல கேட்டைத் தள்ளினாள். அது கிறீச்சென்று ஊரைக் கூட்டியது. உள்ளே பாயில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த குழந்தை சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது. அவள் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடிக் கைப்பையைத் திறந்தாள்.

சமையல் அறைச் சன்னலிலிருந்து தங்கையின் குரல் வந்தது.

"பையில இருக்கற எண்ணெய் பையிலயே இருக்கட்டும். அந்த கேட்டுல ஒரு சொட்டு விழுந்துச்சு, அப்புறம் சென்மத்துக்கும் உன்கூடப் பேசமாட்டேன், ஆமா."