அக்கா கேட்ட மாத்திரை

எண்பதுகளின் கடைசியில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் போகும் வழியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். அக்கா ராஜபாளையத்தில் இருந்தாள். பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் பத்து வருஷம் துணி மடித்துப் பொட்டலம் கட்டியவள். அத்தானுக்கு மில்லில் ஷிப்டு வேலை. பிள்ளைகள் இல்லை.

முப்பத்தெட்டு வயதில் அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து, கரண்டு என்று நாங்கள் சொல்லும் கதிர் சிகிச்சையும் கொடுத்தார்கள். ஒன்றரை வருஷம் நன்றாக இருந்தாள். பிறகு மார்பில் மறுபடி புண் வைத்தது, நோய் முதுகெலும்புக்கும் போய்விட்டது. இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அத்தானுக்குப் பகல் ஷிப்டு வரும் வாரங்களில் நான் மத்தியானமே டவுன் பஸ் ஏறிப் போவேன். மார்புப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது என் வேலை. துணியைத் தடவிப் பார்த்து, "இது எங்க கம்பெனித் துணி இல்லலே, நூலு நெருக்கம் பத்தாது" என்பாள்.

கடையில் இருந்த வலி மாத்திரைகளை எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. எதற்கும் வலி கேட்கவில்லை. போர்வை பட்டாலே கத்தினாள். பக்கத்து வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள், அவர்கள் பிள்ளைகள் பயப்படாமல் இருக்க.

ஒரு நாள் கட்டு மாற்றி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, உன் கடையில தூக்க மாத்திரை இருக்குல்ல?"

"இருக்குக்கா. டாக்டர் சீட்டு வேணும்."

"ஒண்ணு ரெண்டு கேக்கலை. மொத்தமா கேக்கேன்."

பழைய கட்டுத் துணியைச் சுருட்டிக் காகிதத்தில் வைத்தேன்.

"உங்க அத்தான்கிட்ட கேக்க முடியாது. அவிய அழுதுருவாக. எப்படியும் சாகத்தான் போறேன். இம்புட்டு வலியோடதான் சாகணுமா?"

"நான் குடுத்தா அது கொலைக்கா."

"குடுக்காட்டி? இதுக்கு என்னலே பேரு?"

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மாத்திரை அட்டைகளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை போய், திரும்பி வந்து, கடைக்கு மேல் மாடியில் கிளினிக் வைத்திருந்த டாக்டரிடம் போனேன். அவற்றை அவர் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். வலியைப் பற்றித்தான் விசாரித்தார். ராத்திரி தூங்குகிறாளா, திரும்பிப் படுக்க முடிகிறதா என்று.

"நீ செய்யப் போனது தப்பு. ஆனா அந்தம்மா கேட்டதுல தப்பில்ல. வலிக்குச் சரியான மருந்து யாரும் குடுக்கலை. அதான் சாவைக் கேக்குது. மார்பீன் வாங்கணும்."

அது எங்கள் கடையில் கிடையாது. லேசில் கிடைக்கவும் கிடைக்காது. அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு மதுரைக்கு ரயிலேறினேன். அங்கே ஆஸ்பத்திரியில், அக்காவின் சிகிச்சைக் காகிதங்கள் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவை கையெழுத்துப் போட வேண்டியவர் லீவு. மூன்றாவது தடவைதான் கொடுத்தார்கள். மருந்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, வாராவாரம் என்னிடம் கொடுத்தார் டாக்டர்.

"வலி அடங்குற வரைக்கும் அளவைக் கூட்டுவோம். கடைசியில மூச்சு தளரும்போது அது நோயாலயா மருந்தாலயான்னு நமக்குத் தெரியாமப் போகலாம். வலிக்காகத்தான் குடுக்கோம்கிறதை மறந்துராத" என்றார்.

இரண்டாம் நாள் அக்கா தூங்கினாள். நாலாம் நாள் அத்தானிடம் சண்டை பிடித்தாள். "காலரு இம்புட்டு அழுக்கா இருக்கு. இப்படியா மில்லுக்குப் போறீய?" அத்தான் சிரித்துக்கொண்டே வெளியே போய், வாசலில் நின்று கண்ணைத் துடைத்தார்.

"இப்பவும் அந்தத் தூக்க மாத்திரை வேணுமாக்கா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு வேண்டாம். நாளைக்குக் கேட்டாலும் கேப்பேன்."

அதற்குப் பிறகு அஞ்சு வாரம் இருந்தாள். கடைசி வாரத்தில் மருந்துக்கும் அடங்காத வலி வந்தது. மறுபடியும் தூக்க மாத்திரை கேட்டாள். நான் கொடுக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே அக்காவுக்கு நினைவில்லை. முனகல் மட்டும் நிற்கவில்லை. அடுத்த மருந்து நாலு மணிக்கு. நடுவில் வலி வந்தால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டரைக்கே மார்பீனைத் தண்ணீரில் கரைத்தேன். அத்தான் தலையைத் தாங்கிக்கொண்டார். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். முனகல் நின்றது. அஞ்சு மணிக்கு முன்னால் மூச்சும் நின்றது.

காரியங்கள் முடிந்து டாக்டரிடம் போனேன். அந்த அளவில் உயிர் போகாது, போகிற நேரம் வந்துவிட்டது என்றார். நம்பினேன். ஆனால் கரண்டியைப் பிடித்திருந்தபோது வலி நிற்கட்டும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. எல்லாமே முடியட்டும் என்றும் நினைத்தேன். அதையும் சொன்னேன். டாக்டர் "எனக்கும் சில பேரு முன்னால நிக்கும்போது அப்படித் தோணியிருக்கு" என்று சொல்லி, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நாலைந்து வருஷம் கழித்துக் கடைக்கு ஒருவர் வந்தார். அவருடைய அம்மா படுத்த படுக்கையாம். அப்படி விழுந்துவிட்ட வயசாளிகளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி உயிரை முடித்துவிடுவது எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் உண்டு.

"குளிப்பாட்டிரலாம்னு சொந்தக்காரவிய சொல்லுதாக. எனக்கு மனசு வரலை. மாத்திரைன்னா தூக்கத்துலயே போயிரும்லா?"

"வலி இருக்கா?"

"அப்படி ஒண்ணும் இல்ல."

"உங்க அம்மாவே கேட்டாகளா?"

"அவியகிட்ட போய் இதை எப்படிக் கேக்க?"

மாத்திரை தர முடியாது என்றேன். மாடியைக் காட்டி, டாக்டரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னேன். படிக்கட்டுக்குக் கீழே கொஞ்சம் தயங்கி நின்றார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.