கீழே இறங்காதவர்

அந்தப் பொய்யை நான் சொன்னது சன்னிவேலில், தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தபோது. அமெரிக்கா வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கம்பெனி கொடுத்த அபார்ட்மெண்டில் என்னோடு இன்னும் மூன்று பேர். எங்களை வேலைக்குச் சேர்த்துவிட்ட சீனியர் ஒருவர் பார்க்க வந்திருந்தார். யாருடைய அப்பா என்ன செய்கிறார் என்று பேச்சு வந்தது. ஒருவனுக்கு வங்கி மேனேஜர், இன்னொருவனுக்குக் கல்லூரிப் பேராசிரியர், மூன்றாமவனுக்கு மின்வாரியத்தில் பெரிய பதவி. என் முறை வந்தது. "கோலார்ல, கோல்ட் மைன்ஸ்ல இருக்கார்" என்றேன். அதுவரை உண்மை. "மைன்ஸ்லன்னா, என்னவா?" என்றார் சீனியர். "இன்ஜினியர்" என்றேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு ஊறுகாய் கேட்டேன்.

என் அப்பா இன்ஜினியர் இல்லை. கோலார் தங்கவயலில் இருபத்தொன்பது வருஷம் பூமிக்கு அடியில் இறங்கி, பாறையில் துளை போடும் மிஷினைப் பிடித்தவர். அந்தத் துளையில்தான் வெடிமருந்து வைத்துப் பாறையைத் தகர்ப்பார்கள். எங்கள் ஊரில் இன்ஜினியர்களுக்குப் பங்களா உண்டு, தோட்டம் உண்டு, கிளப் உண்டு. எங்களுக்கு லைன் வீடு. ஒரே அறை, வரிசைக்கு ஒரு குழாய். இரவு ஷிப்டு முடித்துவிட்டு அப்பா பகலில் தூங்கும்போது, சத்தம் வரக்கூடாது என்று நான் வாய்க்குள்ளேயே பாடம் படிப்பேன். அப்படிப் படித்துப் பாஸ் பண்ணி, விமானம் ஏறி வந்து, நான்காம் நாளே அவரை மாற்றிவிட்டேன்.

ஒரு பொய்யைச் சொல்வதைவிட அதற்குச் சோறு போட்டு வளர்ப்பதுதான் கஷ்டம். சீனியரின் வீட்டுக் கொலுவிலும் பிறந்தநாள் பார்ட்டியிலும் என்னை அறிமுகப்படுத்தும்போதெல்லாம் "இவங்க அப்பா கோல்ட் மைன்ஸ்ல இன்ஜினியர்" என்பார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன். என் மனைவிக்கு மட்டும் எல்லாம் தெரியும். "சொல்லித் தொலையேன். இதுல என்ன கேவலம்?" என்று அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். கேவலம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் ஆறு வருஷம் கழித்துப் போய், "அன்னிக்கு நான் சொன்னது பொய்" என்று எப்படிச் சொல்வது? அப்பா இங்கே வரவா போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் அவர் வந்தார். அந்த வருஷ ஆரம்பத்தில்தான் தங்கவயல் சுரங்கத்தை மூடினார்கள். அப்பா அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் அவர் குரல் போனில் உடைந்துபோயிருந்தது. அம்மாவும் இல்லை. தனியாக அந்த ஊரில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்க வேண்டாம் என்று கட்டாயப்படுத்தி வரவழைத்தேன். இங்கேயும் நிலைமை சரியில்லை. என் ஆபீஸில் பாதி நாற்காலிகள் காலி. வெள்ளிக்கிழமை வந்தால் யாருடைய தலை உருளுமோ என்ற பயத்திலேயே எல்லாரும் இருந்தோம். அப்பா விடியற்காலையிலேயே எழுந்து பால்கனியில் உட்கார்ந்து, வேலைக்குப் போகும் கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஏண்டா, இங்க ஷிப்டுக்கு சங்கே ஊத மாட்டாங்களா?" என்று ஒருநாள் கேட்டார். இருமல் அப்போதே இருந்தது. கேட்டால், தூசி என்பார்.

மே மாதம் சீனியர் போன் செய்தார். "பாஸ், அப்பா வந்திருக்காராமே, சொல்லவே இல்ல? என் பொண்ணுக்கு ஃபோர்த் கிரேட்ல கோல்ட் ரஷ் ப்ராஜெக்ட். மலை மேல அந்தப் பழைய மைனிங் டவுன் இருக்கு இல்ல, சாட்டர்டே எல்லாரும் டிரைவ் பண்ணிட்டுப் போலாம். அங்கிள் எக்ஸ்ப்ளெயின் பண்ணார்னா இவ ரிப்போர்ட் எங்கயோ போயிடும்." முடியாது என்று சொல்ல நூறு வழி இருந்தது. காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். நான் "ஷ்யூர்" என்றேன். அந்தச் சனிக்கிழமை மனைவிக்கு ஆபீஸ் வேலை இருந்தது. கிளம்பும்போது, "கிழவர்கிட்ட முன்னாடியே சொல்லிடு. அங்க போய் அவரை மாட்டி வைக்காதே" என்று மெதுவாகச் சொன்னாள். சொல்கிறேன் என்றேன். அப்பா அயர்ன் பண்ணிய சட்டை போட்டுக்கொண்டு, அமெரிக்கச் சுரங்கம் பார்க்கப் போகிற குஷியில் வாசலில் நின்றிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை.

சீனியரின் வேனில் நாங்கள் ஐந்து பேர். அவர், அவர் மனைவி, ஒன்பது வயது மகள், அப்பா, நான். வண்டி கிளம்பியதும், "அப்பா, நீங்க சீட் பெல்ட் போட்டுக்கோங்க" என்றேன். அப்பா திரும்பிப் பார்த்தார். நான் வேறு யாரிடமோ பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். எங்கள் வீட்டில் அப்பாவை நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவோம். பிறந்ததிலிருந்து அவரை நான் 'நீங்க' என்று சொன்னதே இல்லை. சீனியர் வீட்டில் அப்பாக்களை 'நீங்க' என்பார்கள், அதனால் எனக்கும் வந்துவிட்டது. "இன்னாடா புதுசா?" என்று கேட்க வாயெடுத்தவர், முன்னால் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

சாக்ரமென்டோ தாண்டும்வரை கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. "அங்கிள், அங்க பங்களாலாம் பிரிட்டிஷ் காலத்துதாமே, ரொம்பப் பெருசா இருக்குமோ?" என்று சீனியரின் மனைவி கேட்டார். அப்பா பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டு, "ஆமா, ஃபயர்பிளேஸ்கூட இருக்கும்" என்றேன். பொய் இல்லை. பங்களாக்களில் கணப்பு உண்டு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவற்றுக்கு வெள்ளையடிக்கும் ஆட்களோடு சின்ன வயதில் அப்பா போயிருக்கிறார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஊர் எனக்குப் பிடிக்கவில்லை. மலைச்சரிவில் ஒரு காலத்தில் அத்தனை பேர் வந்து குவிந்த நகரமாம். இப்போது ஒரே ஒரு கடைத்தெரு, பழைய செங்கல் கட்டடங்கள், மெழுகுவர்த்தியும் பொம்மையும் விற்கும் கடைகள். மேகம் மூடி, மழை வராமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் சுரங்க மியூசியத்துக்குள் நுழைந்ததும் அப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. ஆட்களை இறக்கும் கூண்டின் பக்கத்தில், எத்தனை மணி அடித்தால் ஏற்றம், எத்தனை அடித்தால் இறக்கம் என்று எழுதிய பலகை ஒன்று தொங்கியது. அதன் முன்னால் நின்று விரலால் தொடையில் தட்டித் தட்டிப் பார்த்தார். "நம்ம ஊர்ல இது வேற மாதிரிடா" என்று என் காதில் சொன்னார். வேனில் நடந்ததை மறந்துவிட்டார். நானும் இனி ஒன்றும் ஆகாது என்று நம்பத் தொடங்கினேன்.

வழிகாட்டியாக வந்தவர் எழுபது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரர். எங்களோடு இன்னும் ஒரு பத்துப் பேர் இருந்தார்கள். சுரங்க வாயின் அருகே ஒரு பெரிய துளை மிஷினை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆரம்பகாலத்தில் இது கிளப்பிய தூசியால் பல பெண்கள் விதவையானார்கள் என்று அவர் விளக்கினார். பிறகு எல்லாரையும் பார்த்து, உங்களில் யாராவது சுரங்கத்தில் வேலை செய்ததுண்டா என்று சாதாரணமாகக் கேட்டார். அப்பாவுக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். அவருடைய வலது கை தோள்வரைக்கும் உயர்ந்தது.

சீனியரின் மகள் அதற்குள் குரல் கொடுத்தாள். "ஹீ டிட்! ஹீ வாஸ் அன் இன்ஜினியர். இன் இந்தியா." வழிகாட்டிக்கு ரொம்பச் சந்தோஷம். "அப்படியானால் இந்தச் சனியனை நீங்கள் பிடிக்க வேண்டியிருந்திருக்காது" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சீனியர், "அங்கிள் இன்ஜினியர்மா. இதெல்லாம் லேபரர்ஸ் பண்றது" என்று மகளுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார். அவள் நோட்டைத் திறந்து அப்பாவிடம் நேராகக் கேட்டாள். "டிட் யூ எவர் கோ டவுன் தேர், தாத்தா?"

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஒரு கணக்கைச் சரிபார்ப்பவர் மாதிரி நிதானமாகப் பார்த்தார். 'நீங்க' என்றது, பங்களாவும் கணப்பும், எல்லாம் அவருக்கு அந்த ஒரு பார்வையில் கூடிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. உயர்த்திய கையால் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"இல்லம்மா. நமக்கு மேல ஆபீஸ்லதான் வேலை. கீழ இறங்கினதே இல்ல" என்றார். பிறகு வழிகாட்டியைக் காட்டி என்னிடம், "அவருக்கு இங்கிலீஷ்ல சொல்லுங்க தம்பி" என்றார்.

சொன்னேன். என் அப்பா ஆபீஸில்தான் வேலை பார்த்தார், சுரங்கத்துக்குள் ஒருநாளும் இறங்கியதில்லை என்று நல்ல தெளிவான இங்கிலீஷில், உச்சரிப்பு பிசகாமல், அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அவர் உள்ளே இறங்கி வெளியே வந்த இருபத்தொன்பது வருஷத்தையும் நானே அழித்தேன். பாறை வெடித்துச் சரிந்ததில் பக்கத்தில் நின்ற இரண்டு பேரை இழந்துவிட்டு அவர் வீடு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதுவும் அதில் போயிற்று. சிறுமிக்கு ஏமாற்றம். நோட்டில் எதையோ எழுதி அடிக்கோடு போட்டாள். சுரங்க வாயிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அப்பா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஓரமாகப் போய் இருமினார்.

திரும்பும் வழியில் "தம்பி, ஏசியைக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க" என்றார். அவர் எனக்குத் தண்டனை கொடுக்கிறாரா, இல்லை நான் கொடுத்த வேஷத்தை ஒழுங்காக நடித்துக் காட்டுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. இன்றுவரை புரியவில்லை. வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும், "அப்பா, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"விடுறா. நீ அவங்ககூட நாளைக்கும் வேலை செய்யணும் இல்ல" என்றார். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அந்த மிஷினைத் தப்பா நிறுத்தி வச்சிருக்கானுங்க. அப்டி வச்சா தூசிய அடக்குற தண்ணிக் குழாய எங்க மாட்டுறது? அந்தாள்கிட்ட சொல்லலாம்னு பாத்தேன்" என்றார். அதற்கு மேல் அதைப்பற்றிப் பேசவில்லை. ஆனால் அதன்பிறகு வீட்டுக்கு யாராவது வந்தால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார். ஆறு மாசம் இருக்க வந்தவர் ஜூன் கடைசியில் டிக்கெட்டை மாற்றச் சொன்னார். மனைவி கெஞ்சிப் பார்த்தாள். நான் கெஞ்சவில்லை. எந்த முகத்தோடு கெஞ்சுவது?

அந்த வருஷம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். நுரையீரல்தான். பெங்களூரில் இறங்கி டாக்ஸி பிடித்து லைன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, எனக்காக அவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். வாசலில் பந்தலுக்குக் கீழே அவரோடு வேலை பார்த்தவர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு அதே இருமல். பக்கத்து வீட்டு மாமா, அப்பாவோடு ஒரே ஷிப்டில் இருந்தவர், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உன் ஊர்லேர்ந்து வந்ததும் இதத்தான்பா சொல்லிக்கினே இருந்தாரு" என்றார். "அங்க ஒரு சுரங்கத்துல, அத்தினி பேரு நிக்கிறப்போ, வெள்ளக்காரன் எதிர்ல நீ முன்னால வந்து சொன்னியாமே. இது எங்கப்பா, இருபத்தொம்பது வருசம் அடியில எறங்கி மிஷின் புடிச்சவருன்னு. அவன் தொப்பியக் கழட்டிட்டு உங்கப்பனுக்குக் கை குடுத்தானாமே. எத்தினி தரம் சொன்னாரு தெரியுமா? சாவுறதுக்கு ரெண்டு நாளு முந்திகூட ஆஸ்பத்திரியில நர்சம்மாகிட்ட சொன்னாரு."

பெஞ்சிலிருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"மெய்தான?" என்றார் மாமா.

"ஆமா மாமா" என்றேன்.

"இங்கிலீஷ்ல எப்டி சொன்னே? ஒருதரம் சொல்லு, இவங்களும் கேக்கட்டும்."

நான் நிமிர்ந்து நின்றேன். இவர் என் அப்பா, இருபத்தொன்பது வருஷம் பூமிக்கு அடியில் இறங்கி மிஷின் பிடித்தவர் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும், ஆனாலும் தலையாட்டினார்கள். அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா உள்ளே இருந்தார்.